ஆறாவது பல்: பள்ளிக்கூடத்தில் பல் துலக்கக் கற்றுக்கொடுப்பது

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசையில் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு: முன்பற்கள். மூன்று: கோரைப்பல். நான்கு, ஐந்து: பால் கடைவாய்ப்பற்கள். அதற்கும் பின்னால், கன்னத்தின் மறைவில் ஆறாவதாக ஒன்று இருக்கும். சில பிள்ளைகளுக்கு அதன் பாதி முகத்தை இன்னும் ஈறு மூடியிருக்கும்.

அது பால் பல் இல்லை. வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமல், எதற்கும் மாற்றாக இல்லாமல், வரிசையின் கடைசியில் தானாக முளைப்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. முன்பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரையில் எறிகிறோம், ஊருக்கே சொல்கிறோம். இந்தப் பல் வந்ததே யாருக்கும் தெரியாது. சொத்தையாகி வலிக்கும்போது பெற்றோர் "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பராமரிப்பைச் சொல்லித்தரப் போகும் யாரும் இந்தப் பல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் எளியது. இதன் மேற்பரப்பு முழுக்கக் குறுகிய பள்ளங்கள். பிரஷ்ஷின் இழைகூட நுழைய முடியாத இடுக்குகள். முளைக்கத் தொடங்கி எதிர்ப்பல்லைத் தொட ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்வாகவே நிற்கும். வழக்கம்போல் முன்னும் பின்னும் தேய்க்கிற பிரஷ், உயரமான ஐந்தாவது பல்லின் மேல் ஓடி, ஆறாவதைத் தொடாமலே திரும்பிவிடும். அந்தப் பள்ளத்தில் சோற்றுப் பருக்கையும் பிஸ்கட் மாவும் நாள்கணக்கில் கிடக்கும்.

இதற்கு ஒரு கை அசைவு போதும். பிரஷ்ஷை வாயின் ஓரத்திலிருந்து, பல் வரிசைக்குக் குறுக்காக நுழைத்து, அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையே ஆட்ட வேண்டும். வாயை முழுக்கத் திறந்தால் கன்னம் இறுகி வழிவிடாது; பாதி மூடினால் பிரஷ் உள்ளே போகும். பக்கத்துக்குப் பத்து முறை. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லித்தர நேரமில்லாவிட்டாலும் இதைச் சொல்லித்தாருங்கள்.

பள்ளிகளில் வழக்கமாக நடப்பது வேறு. வருடத்துக்கு ஒரு நாள் முகாம். தர்ப்பூசணி அளவுக்கு ஒரு பல் மாதிரி, அதற்கேற்ற பெரிய பிரஷ், ஒரு சுவரொட்டி, கடைசியில் ஆளுக்கொரு பேஸ்ட் சாம்பிள். பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் கேட்டால் "காலையும் இரவும் துலக்கணும்" என்று சரியாகச் சொல்வார்கள். ஆனால் பேச்சால் மட்டும் சொத்தை குறைவதில்லை. அறிவு கூடுகிறது, சில வாரங்களுக்குப் பற்கள் கொஞ்சம் சுத்தமாக இருக்கின்றன, பிறகு பழையபடிதான். பல வருட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான். சொத்தையைக் குறைத்தது, பெரியவர் ஒருவர் கண்பார்வையில், ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து, தினமும் பள்ளியிலேயே துலக்கவைத்தது. ஸ்காட்லாந்தின் நர்சரிப் பள்ளிகளில் சைல்ட்ஸ்மைல் திட்டம் செய்வது இதுதான். பிலிப்பைன்ஸின் அரசுப் பள்ளிகளில் ஃபிட் ஃபார் ஸ்கூல் திட்டம் கை கழுவுவதோடு சேர்த்துச் செய்வதும் இதுதான். அதற்கும் வெகு முன்னால், 1913இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரெட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் பெண்களுக்குப் பல் சுகாதாரப் பயிற்சி கொடுத்து, பிறகு அவர்களை ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார். சிறு பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லித்தரப்படும் வட்டமுறைத் துலக்கலுக்கு அவர் பெயர்தான்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நேரம் ஏற்கெனவே இருக்கிறது. சத்துணவு முடிந்து தட்டுக் கழுவும் நேரம். 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால் காலையிலும் அப்படி ஒரு இடைவெளி கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள், குழாயடிக்குப் போகிறார்கள். அதோடு ஒட்டவைத்தால் மட்டுமே நிற்கும். தனியாக "பல் துலக்கும் பீரியட்" என்று வைத்தால் தேர்வு நெருங்கும்போது முதலில் போவது அதுதான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஆளுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் என்றால் ஏறக்குறைய கால் கிராம். ஒரு நாளைக்கு 10 கிராம். 200 வேலை நாளுக்கு 2 கிலோ, அதாவது 100 கிராம் ட்யூப் 20. பிரஷ் மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று. ஜூன், அக்டோபர், ஜனவரி என்று மூன்று முறை, மொத்தம் 120. பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ ஊரில் உதவுபவர்களிடமோ கேட்கும்போது "பல் சுகாதாரத்துக்கு நிதி" என்று கேட்காமல் இந்த எண்களோடு கேளுங்கள். 20 ட்யூப், 120 பிரஷ் என்றால் கொடுப்பவருக்கும் புரியும்.

பேஸ்ட் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் ஃப்ளோரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்று இருக்க வேண்டும். எவ்வளவு என்பது பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் அச்சாகியிருக்கும். இந்தியச் சட்டப்படி மேல்வரம்பு 1000 பி.பி.எம். சொத்தையைத் தடுக்க ஏறக்குறைய அந்த அளவு தேவை, எனவே 1000க்குப் பக்கத்தில் உள்ளதை எடுங்கள். மூலிகை, கிராம்பு, உப்பு என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. பழ வாசனையும் இனிப்புமாக இருக்கும் பேஸ்ட்டைப் பள்ளிக்கு வேண்டாமென்பேன். பிள்ளைகள் நக்கிச் சாப்பிடுவார்கள். கடும் மின்ட்டும் வேண்டாம், "காரமா இருக்கு" என்று பாதியில் துப்பிவிடுவார்கள்.

விளம்பரத்தில் பிரஷ்ஷின் நீளம் முழுக்க அலை அலையாகப் பேஸ்ட் பிதுங்கும். பிள்ளைகள் அதையே கேட்பார்கள். ஆறு வயது வரை பட்டாணி அளவு, மூன்று வயதுக்குக் கீழ் அரிசி மணி அளவு. பள்ளியில் எல்லோருக்குமே பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் நுரை பொங்கி வாய் நிறையும், அரை நிமிடத்தில் துப்ப ஓடுவார்கள். துலக்கும் நேரம் குறைவதற்கு முதல் காரணம் இந்த நுரைதான்.

பேஸ்ட் பரிமாறுவதில் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. ஒரே ட்யூபின் வாயை ஒவ்வொரு பிள்ளையின் பிரஷ்ஷிலும் தேய்த்துக்கொண்டே போவது. ஒரு பிள்ளையின் எச்சில் அடுத்த பிள்ளைக்குப் போகும். அதற்குப் பதிலாகக் கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டின் விளிம்பைச் சுற்றி, வடகம் வைப்பதுபோல, பத்துப் பன்னிரண்டு பொட்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொருவரும் தன் பிரஷ்ஷால் ஒரு பொட்டை எடுத்துக்கொள்ளட்டும். நான்கு தட்டு வைத்தால் 40 பேருக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது, உட்கார்ந்து துலக்குவது. குழாய் குறைவு, தண்ணீர் இல்லை என்பதுதான் பள்ளிகள் சொல்லும் பெரிய தடை. ஆனால் துலக்கத் தண்ணீரே தேவையில்லை. பிரஷ்ஷை நனைக்க வேண்டாம். வராண்டாவில் இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காரவைத்தால் ஓட்டமும் இல்லை, பிரஷ் வாயில் இருக்கும்போது விழுந்து தொண்டையில் குத்திக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. பிரஷ்ஷோடு நடக்கவோ ஓடவோ கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எப்படித் துலக்குவது என்று காட்ட அந்தப் பெரிய பல் மாதிரியைவிட நல்ல கருவி பிள்ளையின் கையிலேயே இருக்கிறது: நகம். நகம் பல், சுற்றியுள்ள சதை ஈறு. "நகமும் சதையும் சேர்ற இடத்துல பிரஷ்ஷை வை" என்று சொல்லி, கட்டைவிரல் நகத்தின் அடியில் உலர்ந்த பிரஷ்ஷால் சின்ன வட்டம் போடச் சொல்லுங்கள். பாதி இழை நகத்தின் மேலும் பாதி சதையின் மேலும் இருக்க வேண்டும். அழுத்தினால் இழைகள் விரிந்து படுத்துவிடுவதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள். நுனி மட்டும் அசைய வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். பல்லில் அழுக்கு சேர்வதும் இதே எல்லைக்கோட்டில்தான். கையை நன்றாகக் கழுவிய பிறகு, கீழ் முன்பல்லை ஈறோரமாக ஆள்காட்டி விரல் நகத்தால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். வெள்ளையாக, ஊறிய மாவு மாதிரி நகத்தில் ஒட்டும். "இது சோறா?" என்று கேளுங்கள். சோறு இல்லை, கோடிக்கணக்கான கிருமிகள் கட்டிய படலம். வெறும் கொப்பளிப்பில் போகாது, தேய்த்தால்தான் போகும். துலக்கிய பிறகு மறுபடி சுரண்டிப் பார்த்தால் நகம் சுத்தமாக வரும், பல் வழுவழுவென்று இருக்கும். சிவப்புச் சாயம் தடவிக் காட்டும் முறை பார்க்க அழகுதான். ஆனால் சட்டையில் கறை படிந்து அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். நகம் போதும்.

துலக்கும் வரிசை எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிகிற முன்பல்லிலேயே இரண்டு நிமிடமும் போய்விடும். முதலில் மேலும் கீழும் பல்லைச் சேர்த்துக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கம்: வலது, நடு, இடது, ஒவ்வொன்றிலும் 15 வட்டம். பிறகு வாயைத் திறந்து மெல்லும் பரப்பு: நான்கு மூலையிலும் 10 தேய்ப்பு, அங்கேதான் ஆறாவது பல்லுக்குக் குறுக்காகத் திருப்புவது. கடைசியாக நாக்குப் பக்கம்: மேலே மூன்று, கீழே மூன்று இடம், ஒவ்வொன்றிலும் 6. முன்பல்லின் உள்பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கூட்டினால் 121 எண்ணிக்கை. நொடிக்கு ஒன்று என்று ஆசிரியர் எண்ணினால் இரண்டு நிமிடம் ஆகிவிடும். கடிகாரம் வேண்டாம். ஒரு பிள்ளை தட்டைத் தட்டித் தாளம் கொடுக்கலாம், அந்தப் பிள்ளை அடுத்த சுற்றில் துலக்கட்டும். ஆசிரியர் பிள்ளைகளுக்கு எதிரே நின்று செய்துகாட்டும்போது இடம் வலம் மாறிப்போகும். அவர்களுடைய வலது பக்கம் சொல்லும்போது உங்கள் இடது பக்கத்தைத் தொடுங்கள், கண்ணாடி மாதிரி.

முடிந்ததும் துப்ப வேண்டும். இங்கேதான் நம் வழக்கத்தோடு மோதுகிறோம். இரண்டு செம்புத் தண்ணீர் எடுத்து, தொண்டை வரை கரகரவென்று கொப்பளித்தால்தான் நமக்குத் துலக்கிய திருப்தி. ஆனால் பல்லின் மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடு அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. இரண்டு மூன்று முறை நன்றாகத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். வாயில் மிச்சமிருக்கும் லேசான மின்ட் ருசி இருக்கட்டும். பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். பழகாதவர்கள் பெரியவர்கள்தான். வரிசை வரிசையாகத் தட்டுக் கழுவும் வாய்க்காலில் துப்பிவிட்டு, ஓடும் குழாயிலோ ஒருவர் ஊற்றும் சொம்பிலோ பிரஷ்ஷைக் கழுவட்டும். எல்லாப் பிரஷ்ஷையும் ஒரே வாளியில் முக்கி அலசுவது கூடாது. ஈறில் ரத்தம் கசியும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள்.

பிரஷ் வைக்கும் இடம் சரியில்லாததாலேயே பாதியில் நின்றுபோன முயற்சிகள் நிறைய. ஒரே டப்பாவில் நாற்பது பிரஷ்ஷையும் தலைகீழாகச் செருகினால் இழைகள் ஒன்றோடொன்று உரசும், அடியில் தண்ணீர் தேங்கி நாறும். மூடி போட்டு வைத்தால் காயவே காயாது. ஒரு பலகையில் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் துளை போட்டு, தலை மேலே இருக்கும்படி செருகி, வெயில் எட்டும் ஜன்னலோரம் வைத்து, மேலே கொசுவலைத் துணி போர்த்துங்கள். அரசுப் பள்ளிக் கட்டடத்தில் பல்லியும் கரப்பானும் நிச்சயம். மார்க்கரில் எழுதிய பெயர் பத்து நாளில் அழிந்துவிடும். சூடாக்கிய ஆணியால் கைப்பிடியில் வருகைப்பதிவேட்டு எண்ணைப் பொறித்தால் கடைசிவரை நிற்கும். அதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். பள்ளி பிரஷ்ஷை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அது தம்பியின் பிரஷ்ஷாகிவிடும், திரும்பி வராது. ஒரு மாதத்திலேயே இழை விரிந்துபோனால் அந்தப் பிள்ளை அழுத்தித் தேய்க்கிறது, அல்லது கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் திருத்த வேண்டியவை.

முதல் வாரம் எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்கூடப் போகும். அப்போது கைவிட்டுவிடாதீர்கள்.

தின்பண்டம் பற்றிப் பேசும்போது "மிட்டாய் சாப்பிடாதே" என்று சொல்வதில் பயனில்லை. கடை பள்ளி வாசலிலேயே இருக்கிறது. எத்தனை தரம் என்பதைப் பேசுங்கள். இனிப்போ மாவுப் பண்டமோ வாய்க்குள் போன சில நிமிடங்களில் படலத்துக் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. எச்சில் அதைச் சமன்செய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கரும்பலகையில் காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை ஒரு கோடு போட்டு, ஒரு பிள்ளை நேற்று வாயில் போட்ட ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரத்தைச் சாக்பீஸால் அடைக்கச் சொல்லுங்கள். ஐந்து தேன்மிட்டாயை ஒரே மூச்சில் தின்ற பிள்ளைக்கு ஒரு கட்டம். அதே ஐந்தை மணிக்கொன்றாகத் தின்றவருக்கு ஐந்து கட்டம். பிள்ளைகளுக்கு உடனே புரிகிற கணக்கு இது. பிஸ்கட்டும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் நொறுக்குத்தீனியும் உப்புக் கரித்தாலும், கடைவாய்ப் பள்ளத்தில் அப்பிக்கொண்டு மிட்டாயைவிட அதிக நேரம் நிற்கக்கூடியவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டையை வினிகரில் ஊறப்போட்டு ஓடு கரைவதைக் காட்டும் சோதனை எல்லோருக்கும் பிடிக்கும். காட்டலாம், ஆனால் அமிலம் வெளியிலிருந்து வரவில்லை, பல்லில் ஒட்டிய அந்த வெள்ளைப் படலத்துக்குள்ளேயே உண்டாகிறது என்று சொல்லாவிட்டால், பிள்ளைகள் புளிச்சாதத்தைப் பார்த்துப் பயப்படத் தொடங்குவார்கள். சொத்தைக்குள் பூச்சி இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பெரியவர்களிடமே அந்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது.

தாத்தா வேப்பங்குச்சியில் விளக்குவதைக் கேலி செய்யவைக்காதீர்கள். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்றதில் வேல் என்பது வேல மரம். பலர் வேம்பு என்று நினைக்கிறார்கள். குச்சியை மென்று தேய்த்தால் வெளிப்பக்கம் சுத்தமாகும். கடைவாயின் உள்பக்கத்துக்கு எட்டாது, ஃப்ளோரைடும் கிடையாது. எனவே காலையில் குச்சி என்றால் இரவில் பேஸ்ட் என்று கேட்டுக்கொள்ளலாம். உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல் ஆகியவற்றை மட்டும் விடச் சொல்லுங்கள். வெண்மை கிடைப்பது பல்லை அரைத்துத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாடம் எடுப்பவர்கள் ஒன்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்பது வரையறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பல்லில் சுண்ணாம்பு வெள்ளையும் பழுப்புத் திட்டும் இருக்கும். அது பல் ஈறுக்குள் உருவாகும்போதே விழுந்த கறை. எவ்வளவு துலக்கினாலும் போகாது. "சரியா விளக்கறதில்லையா?" என்று வகுப்பு நடுவில் கேட்டால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் செங்கல் தூளை எடுக்கும். அல்லது வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கப் பழகும். அங்கே சிறு பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்ப்பது இரட்டிப்பு முக்கியம். எவ்வளவு பேஸ்ட் என்பதை அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நடுவில் சந்து விழும். பெரும்பாலும் கோரைப்பல் முளைத்து இறங்கும்போது, பதினொன்று பன்னிரண்டு வயதில், தானே கூடிவிடும். கேலி செய்யும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவைப்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

பெற்றோர் கூட்டத்தில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"விழப்போற பல்லுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு?"

"முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழுந்துடும்மா. பின்னாடி இருக்கற பால் பல்லு பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் நிக்கணும். உங்க பிள்ளைக்கு இப்ப அஞ்சு. இன்னும் ஆறு வருஷம் அதுலதான் மென்னு சாப்பிடணும்."

அந்தப் பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பின்னாலிருக்கும் ஆறாவது பல் முன்னோக்கிச் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து வர வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு வழி இருக்காது, கோணலாக எட்டிப்பார்க்கும். இதைச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் அடுத்த கேள்விக்கு வந்துவிடுவார்கள்: என்ன செய்யணும்? ஒன்றே ஒன்று கேளுங்கள். இரவில், படுக்கும் முன், பெரியவர் கையால். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைவதால் அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது. ஏழு எட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு அந்த நுணுக்கம் வராது. பிள்ளையின் பின்னால் நின்று, தலையைத் தன் மார்பில் சாய்த்து, இடது கையால் கன்னத்தை விலக்கினால் உள்ளே எல்லாம் தெரியும். நாள் முழுக்க வேலை செய்து களைத்து வருபவர்களிடம் காலைக்கும் சேர்த்துக் கேட்காதீர்கள். காலையைப் பள்ளி பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரமாகச் சுண்ணாம்பு வெள்ளைக் கோடு இருந்தால் அது சொத்தையின் முதல் அடையாளம். குழி விழும் முன்னால் ஃப்ளோரைடால் நிறுத்தக்கூடிய கட்டம். குழி இருந்தால் பிள்ளையின் பதிவேட்டு எண்ணைக் குறித்துவைத்து, பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பல் சொத்தை அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. ஈறில் சீழ்க் கொப்புளம் இருந்தால் அந்த வாரமே மருத்துவமனை. கன்னமோ தாடையடியோ வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே. வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் பள்ளி முடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் இன்னொரு எண்ணைக் கற்றுக்கொடுங்கள். ஏறக்குறைய 12 வயதில், நடுநிலைப் பள்ளியில் யாரும் வரிசையில் உட்காரவைத்துத் துலக்கச் சொல்லாத வயதில், ஆறாவதுக்குப் பின்னால் ஏழாவது பல் முளைக்கும். அதுவும் தாழ்வாகத்தான் வரும், அதன் மேலும் ஈறு பாதி மூடியிருக்கும். நாக்கின் நுனியால் கடைசிப் பல்லுக்குப் பின்னே தடவிப் பார்த்து, புதிதாக ஒரு முனை தட்டுப்பட்டால், பிரஷ்ஷை மறுபடியும் குறுக்காகத் திருப்ப வேண்டும்.